விப்ரியோ பாக்டீரியாக்களில் புரதச் சுரப்பு மரபணுக்களை ஒப்பிடுவது எப்படி

2009 ஏப்ரலில் சிங்கப்பூரின் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் இந்திய ரோஜாக் சாப்பிட்ட 150க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். பரிசோதனையில் அகப்பட்ட கிருமி விப்ரியோ பாராஹீமோலிடிகஸ். அதே குடும்பத்தில்தான் காலராக் கிருமியும் இருக்கிறது. ஹவாய்க் கடலில் வாழும் சிறு கணவாயின் உடலுக்குள் ஒளிவீசிக்கொண்டு, யாருக்கும் தீங்கு செய்யாமல் இருக்கும் அலிவிப்ரியோ ஃபிஷரியும் அந்தக் குடும்பம்தான். இவற்றின் ஜீனோம்களை, அதாவது முழு டிஎன்ஏ தொகுப்புகளை, அருகருகே வைத்து, புரதங்களை வெளியே அனுப்பும் மரபணுக்கள் எதில் உண்டு, எதில் இல்லை என்று பார்ப்பது பாலிடெக்னிக், பல்கலைக்கழக மாணவர்களுக்கு நல்ல ஆய்வுத் தலைப்பு. செலவு இல்லை, மடிக்கணினி போதும். ஆனால் தவறான முடிவுக்கு வெகு சீக்கிரம் வந்து சேரக்கூடிய வேலையும் இதுவே.

தவறு பெரும்பாலும் ஓரிடத்திலிருந்துதான் தொடங்குகிறது: வாசலையும் சரக்கையும் ஒன்றாகக் கணக்கிடுவது. புரதத்தைச் செல்லுக்கு வெளியே தள்ளும் அமைப்பு வாசல். அதன் வழியாகப் போகும் நச்சு சரக்கு. விப்ரியோக்களில் வாசல் பழமையானது, குடும்பச் சொத்து. சரக்கோ பல நேரங்களில் வைரஸ் வழியாகவோ வேறு பாக்டீரியாவிடமிருந்தோ பிறகு வந்து சேர்ந்தது. ஆகவே இரண்டுக்கும் தனித்தனி அட்டவணை. தொடக்கம் முதல் கடைசிவரை அவற்றைக் கலக்காதீர்கள்.

காலரா நச்சு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. நச்சின் இரு மரபணுக்களும், விசி1456, விசி1457, சிடிஎக்ஸ்-ஃபை என்ற இழைவடிவ வைரஸோடு வந்தவை. 1996இல் இது நிறுவப்பட்டது. தயாராகும் நச்சு வெளியேறுவதோ விசி2723 முதல் விசி2734 வரை வரிசையாக நிற்கும் எப்ஸ் மரபணுக்கள் கட்டும் வகை 2 சுரப்பு அமைப்பு வழியாக. அந்த மரபணுக்கள் வைரஸோடு வந்தவை அல்ல. இன்னும் வியப்பானது, வைரஸுக்கு வெளிச்சவ்வைக் கடக்கும் சொந்தத் துளைப் புரதம் கிடையாது. புதிய வைரஸ் துகள்களும் அதே எப்ஸ்-டி துளை வழியாகவே வெளியேறுகின்றன. நச்சு இல்லாத உறவினரிடமும் எப்ஸ் கொத்து முழுமையாகக் கிடைத்தால் திகைக்கத் தேவையில்லை. எதிர்பார்க்க வேண்டியதே அதுதான்.

ஜீனோம்களைத் தேர்வது

ஆறு ஜீனோம் போதும்; எல்லாம் முழுமையாக மூடப்பட்டவையாக, அதாவது இடைவெளியின்றி முழு வரிசையும் கிடைத்தவையாக, இருக்கட்டும். காலராவுக்கு என்16961 (என்சிபிஐ பொதுத் தரவுத்தளத்தில் ஜிசிஎஃப் எண் 000006745.1). பாராஹீமோலிடிகஸுக்கு ஆர்ஐஎம்டி 2210633 (000196095.1). வல்னிஃபிகஸுக்கு சிஎம்சிபி6. தீங்கற்ற உறவினராக அலிவிப்ரியோ ஃபிஷரி இஎஸ்114 (000011805.1). ஆய்வகத்தில் வேகமாக வளர்வதற்குப் பெயர்பெற்ற விப்ரியோ நேட்ரிஜென்ஸ் ஒன்று. குடும்பத்துக்கு வெளியிலிருந்து ஈ.கோலை கே-12 எம்ஜி1655 (000005845.2).

கே-12ஐ விட்டுவிடாதீர்கள். அதன் ஜீனோமிலும் வகை 2 சுரப்புக்கான ஜிஎஸ்பி மரபணுக்கள் வரிசையாக உள்ளன. ஆனால் சாதாரண ஆய்வக வளர்ப்பில் ஹெச்-என்எஸ் என்ற புரதம் அவற்றை அடக்கி வைத்திருக்கிறது. மரபணு இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு என்பதை உங்கள் அட்டவணையிலேயே நினைவூட்டிக்கொண்டிருக்க இந்த ஒரு நெடுவரிசை உதவும்.

தரவிறக்கத்துக்கு என்சிபிஐ டேட்டாசெட்ஸ் கருவியைப் பயன்படுத்துங்கள். டிஎன்ஏ வரிசை, மரபணுக்களின் இடங்களைக் குறிக்கும் ஜிஎஃப்எஃப்3, ஜென்பேங்க் வடிவக் கோப்பு மூன்றும் தேவை. புரதக் கோப்பை மட்டும் இறக்கி வேலையைத் தொடங்குபவர்கள் மூன்று இடங்களில் சறுக்குவார்கள். முதலாவது, என்சிபிஐயின் ரெஃப்சீக் தொகுப்பு தரும் புரதக் கோப்பில் ஒரே அமினோ அமில வரிசையுடைய இரு பிரதிகள் ஒரே பதிவாகச் சுருங்கிவிடும். இரண்டாவது, அதில் புரதங்கள் ஜீனோமில் உள்ள வரிசையில் இருக்காது. கொத்துகளைத் தேடுபவருக்கு அந்த வரிசைதான் உயிர். மூன்றாவது, மரபணுவைப் படிக்கும் சட்டகம் நழுவிச் செயலிழந்த போலி மரபணுக்கள் அதில் இடம்பெறுவதே இல்லை. அவை 'இல்லை' என்று பதிவாகும். உண்மையில் 'இருந்து உடைந்தவை'. பரிணாமம் பற்றிப் பேசும்போது இந்த இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. ஜென்பேங்க் கோப்பிலிருந்து புரதங்களை ஜீனோம் வரிசைப்படி நீங்களே பிரித்தெடுங்கள். உடைந்தவற்றுக்கு, புரத வரிசையை டிஎன்ஏவோடு ஒப்பிடும் டிபிளாஸ்ட்என் கொண்டு டிஎன்ஏவிலேயே தனியாகத் தேடுங்கள்.

மரபணு எண்களிலும் கவனம் வேண்டும். பழைய ஆய்வுக் கட்டுரைகள் விசி2732 என்று எழுதும். சில கோப்புகளில் இடையில் அடிக்கோடு இருக்கும். இன்றைய ரெஃப்சீக் கோப்பில் முற்றிலும் வேறான புதிய எண் இருக்கும். ஜிஎஃப்எஃப்3 கோப்பின் பழைய எண் புலத்திலிருந்து இரண்டையும் இணைக்கும் ஒரு சிறு அட்டவணையை முதல் நாளே செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூடப்படாத, துண்டுதுண்டான ஜீனோம்களைச் சேர்க்க நேர்ந்தால், செக்எம் கணக்கில் முழுமை 95 விழுக்காட்டுக்கு மேலும் கலப்பு 5 விழுக்காட்டுக்குக் கீழும் இருப்பவற்றை மட்டும் எடுங்கள். வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு கருவிகளால் மரபணுக்களைக் குறித்திருந்தால், எல்லாவற்றையும் பேக்டா கொண்டு ஒரே பதிப்பில் மறுபடி குறியுங்கள். இல்லாவிட்டால் கருவிகளுக்கு இடையிலான வேறுபாட்டை இனங்களுக்கு இடையிலான வேறுபாடென்று எழுதிவிடுவீர்கள்.

பெயரை வைத்துத் தேடாதீர்கள்

ஒரே வகை 2 அமைப்புக்கு ஊருக்கு ஒரு பெயர்: காலராவில் எப்ஸ், ஈ.கோலையில் ஜிஎஸ்பி, கிளெப்சியெல்லாவில் புல், டிக்கியாவில் அவுட், சூடோமோனாஸில் எக்ஸ்சிபி. கடைசியில் சொன்னதில் எழுத்துகளும் மாறும்: ஜிஎஸ்பி-டி அங்கே எக்ஸ்சிபி-க்யூ, ஜிஎஸ்பி-இ அங்கே எக்ஸ்சிபி-ஆர். போதாக்குறைக்கு, பேசிலஸ் போன்றவற்றில் எப்ஸ் என்றாலே வெளிச்சர்க்கரை தயாரிக்கும் வேறு மரபணுக்கள். குறிப்புப் புலத்தில் 'எப்ஸ்-இ' என்று தேடி எண்ணிக்கை எடுப்பது ஆய்வாகாது.

ஒரு புரதக் குடும்பத்தின் பொதுச் சாயலைப் பதிந்த மாதிரி வடிவத்தை வைத்துத் தேடுங்கள். ஹெச்எம்எம்இஆர் தொகுப்பின் ஹெச்எம்எம்சர்ச், பிஃபாம் மாதிரிகளோடு: துளைப் புரதமான சீக்ரெட்டினுக்கு பிஎஃப்00263, ஆற்றல் தரும் ஏடிபி-ஏஸுக்கு பிஎஃப்00437, உட்சவ்வில் இருக்கும் எஃப் புரதத்துக்கு பிஎஃப்00482. ஈ-மதிப்பு (தற்செயலாகவே கிடைக்கக்கூடிய பொருத்தங்களின் எண்ணிக்கை) எல்லையை நீங்களாக வைக்காமல், மாதிரியோடு வரும் 'கட் ஜிஏ' மதிப்பெண் எல்லையைப் பயன்படுத்துங்கள். காரணம் எளிது: ஈ-மதிப்பு தரவுத்தளத்தின் அளவைப் பொறுத்து மாறும். 4,000 புரதங்களில் ஒரு முறையும் 25,000 புரதங்களில் இன்னொரு முறையும் தேடினால் ஒரே புரதத்துக்கு இரண்டு மதிப்பு வரும். பிட் மதிப்பெண் அப்படி மாறாது.

வகை 2 அமைப்பின் மரபணுக்களில் டி, இ, எஃப், ஜி ஆகியவை நன்கு பாதுகாக்கப்பட்டவை, எளிதில் அகப்படும். சி, கே, எல், எம், என் விரைவாக மாறுபவை. காலராவின் எப்ஸ்-எம் புரதத்தை வைத்து ஈ.கோலையில் பிளாஸ்ட் என்ற வரிசை ஒப்பீட்டுக் கருவியை ஓட்டி 'இல்லை' என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை. மாதிரி வடிவத்தாலும் அகப்படவில்லையென்றால், கொத்தில் அந்த இடத்தில் என்ன புரதம் நிற்கிறது, எத்தனை அமினோ அமிலம், சவ்வைக் கடக்கும் பகுதி எத்தனை என்று பாருங்கள். 'என்' (N) என்ற மரபணு வேறு சில இனங்களின் செயல்படும் அமைப்புகளிலும் காணப்படாதது. அது ஒன்று குறைவதால் அமைப்பே இல்லை என்று ஆகிவிடாது.

இதைவிட நுட்பமான பொறி ஒன்று உண்டு. துளைப் புரதத்தை வெளிச்சவ்வுக்கு வழிநடத்தும் பைலட்டின் கிளெப்சியெல்லாவில் புல்-எஸ். காலராவில் அந்த வேலையைச் செய்வது ஆஸ்ப்-எஸ், விசி1703. இரண்டுக்கும் வரிசையில் ஒற்றுமை கிடையாது; மரபணுவும் எப்ஸ் கொத்திலிருந்து வெகு தொலைவில் இருக்கிறது. புல்-எஸ் வைத்து எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. வேலை ஒன்று, வம்சம் வேறு.

உறவுக்காரப் புரதங்களைப் பிரித்தெடுப்பது

நேரத்தைச் செலவிட வேண்டிய கட்டம் இதுதான். என்16961இல் பிஎஃப்00437 மாதிரியை ஓட்டினால் எப்ஸ்-இ மட்டும் வராது. செல்லின் மேல் நீளும் வகை 4 பைலஸ் நுண்ணிழைகளைக் கட்டும் பில்-பி, எம்எஸ்ஹெச்-இ, டிசிபி-டி (TcpT), இழையை உள்ளிழுக்கும் பில்-டி (PilT), பில்-யு எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். சீக்ரெட்டின் தேடலில் எப்ஸ்-டியோடு பில்-க்யூ, எம்எஸ்ஹெச்-எல் போன்றவையும் வரும். வகை 2 சுரப்பும் வகை 4 பைலஸும் ஒரே மூதாதையின் வழித்தோன்றல்கள். ஆகவே இவற்றைத் தேடலின் கோளாறு என்று ஒதுக்கவும் கூடாது, வகை 2 என்று எண்ணவும் கூடாது.

பிரிப்பதற்கு மூன்று சோதனைகளைச் சேர்த்துச் செய்யுங்கள். அக்கம்பக்கம் முதல் சோதனை: எப்ஸ்-இக்கு இருபுறமும் எப்ஸ்-டியும் எப்ஸ்-எஃப்பும் இருக்கும், பில்-பிக்குப் பக்கத்தில் பில்-சியும் பில்-டியும் (PilD) இருக்கும். இரண்டாவது, ஒப்பீட்டின் நீளம்: இரு புரதங்களிலும் குறைந்தது 70 விழுக்காடு நீளத்துக்கு ஒப்புமை இருக்க வேண்டும். ஜி, ஹெச், ஐ, ஜே புரதங்களுக்கு இந்த விதி கட்டாயம். இவற்றின் முனையில் உள்ள 25, 30 அமினோ அமிலங்கள் பைலஸ் இழையின் கட்டுமானப் புரதங்களான பைலின்களோடு நெருங்கி ஒத்திருப்பதால், அந்தச் சிறு துண்டுக்காகவே பொய்ப் பொருத்தங்கள் குவியும். மூன்றாவது, மரம்: அகப்பட்ட எல்லா ஏடிபி-ஏஸ்களையும் மாஃப்டில் அடுக்கி, டிரிம்ஏஎல்லில் சீர்செய்து, ஐக்யூ-ட்ரீயில் கிளைகளின் நம்பகத்தை அளக்கும் 1,000 அல்ட்ராஃபாஸ்ட் பூட்ஸ்ட்ராப்போடு மரம் வரையுங்கள். ஜிஎஸ்பி-இ எல்லாம் ஒரு கிளையில் 95 அல்லது அதற்கு மேல் ஆதரவோடு சேர வேண்டும். சாதாரண பூட்ஸ்ட்ராப்பில் 70ஐ ஏற்கும் பழக்கம் இங்கே செல்லாது. இந்தக் கணக்கு முறையின் அளவுகோல் வேறு.

வகை 3 சுரப்பு அமைப்பிலும் இதே சிக்கல், கிருமி நீந்த உதவும் நகரிழையோடு. ஏடிபி-ஏஸ் எஸ்சிடி-என் நகரிழையின் எஃப்எல்ஐ-ஐயைப் போலவும், எஸ்சிடி-வி எஃப்எல்ஹெச்-ஏயைப் போலவும் இருக்கும். வெளிச்சவ்வுச் சீக்ரெட்டினான எஸ்சிடி-சி நகரிழையில் கிடையாது. அது பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

இந்தச் சோதனைகளில் பலவற்றை மேக்சிஃபைண்டர் என்ற கருவி, டிஎக்ஸ்எஸ்ஸ்கேன் மாதிரிகளோடு தானாகச் செய்யும். எந்த மரபணு கட்டாயம், எது துணை, எத்தனை மரபணு இடைவெளிக்குள் இருக்க வேண்டும் என்ற விதிகள் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. விப்ரியோக்களுக்கு ஓர் எச்சரிக்கை. இவற்றுக்கு இரண்டு குரோமோசோம்கள், என்16961இல் 29.6 லட்சம், 10.7 லட்சம் டிஎன்ஏ கார இணைகள். இரண்டையும் ஒரே கோப்பில் ஒட்டி 'வரிசைப்பட்ட ஒற்றை ரெப்ளிகான்' என்று கொடுத்தால், முதலாவதின் கடைசி மரபணுவும் இரண்டாவதின் முதல் மரபணுவும் அண்டை வீட்டார் என்று கருவி நினைத்துக்கொள்ளும். ஜெம்பேஸ் வடிவத்தைத் தேர்ந்து, ஒவ்வொரு புரதத்துக்கும் குரோமோசோமின் பெயர், அடிக்கோடு, வரிசை எண் என்று பெயரிடுங்கள்.

கருவி 'முழுமையில்லை' என்று சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம். பைலின் முனையை வெட்டும் பெப்டிடேஸான பில்-டி (PilD) காலராவில் விசி2426இல், எப்ஸ் கொத்துக்கு வெளியே, பில்-பியின் அருகில் இருக்கிறது. வகை 2 சுரப்பு, வகை 4 பைலஸ் இரண்டுக்கும் அதுதான் வேலை செய்கிறது. கொத்துக்குள் மட்டும் தேடினால் காலராக் கிருமிக்கே இது இல்லை என்ற முடிவு வரும்.

வகை 6 சுரப்பு அமைப்பில் நேர்மாறான பிழை. காலராவின் முதன்மைக் கொத்து இரண்டாம் குரோமோசோமில், விசிஏ0107 தொடங்கி இருக்கிறது. ஆனால் ஹெச்சிபி, விஜிஆர்ஜி மரபணுக்கள் விசி1415, விசி1416 போன்ற தொலைவான இடங்களிலும் கிடைக்கும். அவை துணைக் கொத்துகள். ஒவ்வொரு ஹெச்சிபியையும் ஓர் அமைப்பென்று எண்ணாதீர்கள். டிஎஸ்எஸ்-பி, டிஎஸ்எஸ்-சி, டிஎஸ்எஸ்-எம் மூன்றும் சேர்ந்திருக்கும் இடத்தை மட்டும் எண்ணுங்கள். பாராஹீமோலிடிகஸ் ஆர்ஐஎம்டியில் அப்படி இரண்டு கிடைக்கும், குரோமோசோமுக்கு ஒன்றாக.

அட்டவணையில் என்ன எழுதுவது

1, 0 என்று எழுதாதீர்கள். முழுமையாக உள்ளது, உடைந்து உள்ளது, துண்டின் விளிம்பில் வெட்டுப்பட்டுள்ளது, தேடியும் கிடைக்கவில்லை என்று நான்கு குறியாவது வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் மரபணு எண், பிட் மதிப்பெண், ஒப்பீட்டு நீளம் மூன்றையும் தனிக் கோப்பில் வைத்திருங்கள். கொத்துகளின் வரிசையை கிளிங்கரில் வரைந்தால், மதிப்பெண்ணில் தெரியாத செருகல்களும் தலைகீழ்த் திருப்பங்களும் கண்ணுக்குத் தெரியும்.

சரக்கு அட்டவணை

சிக்னல்பி 6 கொண்டு நச்சுகளின் முன்முனையைப் பாருங்கள். காலரா நச்சின் இரு துணையலகுகளிலும் செக் சமிக்ஞை, அதாவது உட்சவ்வைக் கடக்க வழிகாட்டும் முன்முனைத் துண்டு, இருக்கும்: உட்சவ்வைக் கடந்து, இரு சவ்வுகளுக்கும் இடைப்பட்ட பெரிபிளாசத்தில் மடிந்து ஒன்றுசேர்ந்த பிறகே வகை 2 வழியாக வெளியேறுகின்றன. ஆனால் சிக்னல்பி சொல்வது முதல் அடியை மட்டும். பாராஹீமோலிடிகஸின் டிடிஹெச் நச்சிலும் செக் சமிக்ஞை உண்டு. ஆனால் பெரிபிளாசத்துக்கு வந்த பின் அது வகை 3 அமைப்பு வழியாக வெளியேறுவதாக 2019இல் ஆய்வு காட்டியது. செக் சமிக்ஞை கண்டவற்றையெல்லாம் 'வகை 2 சரக்கு' என்று பட்டியலிட்டால் பட்டியல் நூற்றுக்கணக்கில் நீளும். அதில் பெரும்பகுதி பெரிபிளாசத்திலும் வெளிச்சவ்விலும் நின்றுவிடும் புரதங்கள்.

பெரிய நச்சுகளைத் தனியாகச் சரிபாருங்கள். மார்டிஎக்ஸ் நச்சின் ஆர்டிஎக்ஸ்-ஏ, காலராவில் விசி1451, 4,500 அமினோ அமிலங்களைத் தாண்டும். உள்ளே திரும்பத்திரும்ப வரும் பகுதிகள் இருப்பதால், குறுந்துண்டு வரிசைமுறையில் உடைந்து இரண்டு மூன்று மரபணுக்களாகத் தெரியும். டிடிஹெச்சுக்கு எதிர்ச்சிக்கல்: ஆர்ஐஎம்டியில் விபிஏ1314, விபிஏ1378 என்று மிக நெருக்கமான இரு பிரதிகள், குறுந்துண்டுகளில் அவை ஒன்றாகச் சுருங்கிவிடும். சிடிஎக்ஸ் வைரஸ் அடுத்தடுத்து இரு பிரதியாக அமர்ந்திருக்கும் விகாரங்களிலும் (ஒரே இனத்தின் கிளைவகைகள்) இதே கதைதான். பிரதி எண்ணிக்கை பற்றிப் பேச வேண்டுமானால் நெடுந்துண்டு வரிசைமுறையில் மூடப்பட்ட ஜீனோம் வேண்டும், வேறு வழியில்லை.

வாசலே பிறகு வந்து சேர்ந்த இடமும் உண்டு. ஆர்ஐஎம்டியில் இரண்டு வகை 3 அமைப்புகள். முதல் குரோமோசோமில் உள்ளது அந்த இனத்தின் பழைய சொத்து. இரண்டாம் குரோமோசோமில் உள்ளது சுமார் 80,000 இணை நீளமான நோய்த்தீவுக்குள், டிடிஹெச் மரபணுக்களோடு. ஜீனோமின் ஜிசி அளவு, அதாவது டிஎன்ஏவில் ஜி, சி எழுத்துகளின் பங்கு, 45 விழுக்காட்டுக்குச் சற்று மேல். தீவின் அளவு 40க்குச் சற்றுக் கீழ். என்16961இல் வகை 3 இல்லை. ஆனால் பெருந்தொற்று உண்டாக்கும் ஓ1, ஓ139 பிரிவுகள் அல்லாத சில காலரா விகாரங்களில் இந்த இரண்டாம் வகையின் உறவு இருக்கிறது. ஆகவே 'காலராவில் வகை 3 இல்லை' என்று எழுதாதீர்கள். எந்த விகாரம் என்று எழுதுங்கள். 5,000 இணைக்கு ஒரு சாளரமாக ஜிசி வரைபடம் போட்டுப் பார்த்தால் தீவின் இரு கரைகளும் தெரியும். ஆனால் ஜிசி மட்டும் சான்றாகாது. மரபணு மரம் இன மரத்தோடு முரண்படுகிறதா என்பதையும் காட்ட வேண்டும். இன மரத்தை ஆர்த்தோஃபைண்டர் தரும் ஒற்றைப் பிரதி மரபணுக்களிலிருந்து கட்டுங்கள்.

எண்ணிக்கையால் ஏமாறாமல் இருக்க

ஆறிலிருந்து சில நூறு ஜீனோம்களுக்கு விரிவாக்கும்போது மடிக்கணினி திணறும். பல்கலைக்கழக மாணவர்கள் சிங்கப்பூரின் தேசிய மீத்திறன் கணினி மையத்தின் ஆஸ்பயர் 2ஏ கணினியில் நேரம் கேட்கலாம். கணினி வலிமையைவிடப் பெரிய இடர் வேறு. பொதுத் தரவுத்தளத்தில் உள்ள காலரா ஜீனோம்களில் பெரும்பங்கு 1961இல் தொடங்கிய ஏழாவது பெருந்தொற்றின் எல் டார் வம்சம். அந்த ஒரே வம்சத்தின் 500 பிரதிகளை 500 தனிச் சான்றுகளாக எண்ணினால், எந்த மரபணுவுக்கும் நச்சுக்கும் 'வலுவான தொடர்பு' கிடைத்துவிடும். ஃபாஸ்ட்ஏஎன்ஐயில் ஒப்பிட்டு, 99.5 விழுக்காட்டுக்கு மேல் ஒத்தவற்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை விலக்குங்கள். இன எல்லைக்கு 95 விழுக்காடு. சில கோப்புகளின் இனப்பெயரே தவறாக இருப்பதை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும்.

முடிவை எழுதும்போது என்16961இன் ஹாப்-ஆர் மரபணுவையும் கவனத்தில் வையுங்கள். அதில் இயற்கையாகவே சட்டக நழுவல் இருக்கிறது. ஹாப்-ஏ புரோட்டியேஸ் மரபணு சேதமில்லாமல் இருக்கிறது, அது வெளியேறும் எப்ஸ் வாசலும் முழுமை. ஆனால் அதை இயக்கச் சொல்லும் ஹாப்-ஆர் உடைந்திருப்பதால் அந்த விகாரத்தில் புரோட்டியேஸ் உற்பத்தி நின்றுபோகிறது. 'சுரக்கிறது' என்ற வினைக்குச் செல்லுக்கு வெளியே எடுத்த புரத அளவீடு தேவை. ஜீனோமை மட்டும் வைத்திருப்பவர் 'சுரப்பதற்கான மரபணுக்கள் உள்ளன' என்று எழுதலாம்.

இதுவரை சொன்னது எல்லாம் கணினி வேலை; கிருமியைத் தொட வேண்டியதில்லை. அளவீட்டுக்காக உயிருள்ள கிருமியை வளர்க்கும் எண்ணம் இருந்தால், சிங்கப்பூரில் 2005இல் இயற்றப்பட்ட உயிரியல் கிருமிகள், நச்சுகள் சட்டத்தின் கீழ் என்ன அனுமதி தேவை என்று உங்கள் நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவிடம் கேட்ட பிறகே முதல் அடி எடுத்து வையுங்கள்.

அறிக்கையோடு ஜீனோம் எண்கள், தரவிறக்கிய தேதி, ஒவ்வொரு கருவியின் பதிப்பு, பிஃபாம் மற்றும் டிஎக்ஸ்எஸ்ஸ்கேன் மாதிரிகளின் பதிப்பு, ஓட்டிய கட்டளைக் கோப்பு ஆகியவற்றை இணைத்துக் கொடுங்கள். ரெஃப்சீக் குறிப்புகள் அவ்வப்போது புதுப்பிக்கப்படுபவை. தேதியில்லாத அட்டவணையை அடுத்த ஆண்டு வேறொரு மாணவர் திரும்பச் செய்தால் எண்கள் பொருந்தாமல் போகும், ஏன் என்று கண்டுபிடிக்கவும் முடியாது.